1912-க்கு ஒரு கோடு

அன்புள்ள கயலுக்கு,

அம்மா எழுதுகிறேன். அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் நவீன காலம் எந்த வருஷம் தொடங்குகிறது என்று போனில் நீ அவசரமாகக் கேட்டாய், நானும் அவசரமாக 1912 என்று சொல்லி வைத்துவிட்டேன். வெறும் வருஷத்தை வைத்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? பல்கலைக்கழக அணியின் ரெக்கார்ட் புக்கில் (சாதனைப் பதிவேட்டில்) ‘நவீன காலம்’ என்று ஒரு தலைப்பைப் போடச் சொல்லியிருக்கிறார்கள். ஏன் அந்த வருஷம் என்று எதிரே உட்கார்ந்திருப்பவர் கேட்டால் உனக்குக் காரணம் சொல்லத் தெரிய வேண்டும். எந்தெந்த அட்டவணைக்கு அந்த வருஷம் உதவாது என்பதும் தெரிய வேண்டும். புத்தகம் கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

முதலில் 1869-ஐ ஒதுக்கிவிடு. நவம்பர் 6, நியூ ப்ரன்ஸ்விக், ரட்கர்ஸ் பிரின்ஸ்டனை 6–4 என்று வென்றது. கல்லூரி ஃபுட்பாலின் பிறந்தநாள் என்று எல்லா இடத்திலும் இதைத்தான் போடுவார்கள். பக்கத்துக்கு 25 பேர். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. அந்த 6–4 புள்ளிக் கணக்கே அல்ல, ஆறு கோல், நாலு கோல். ‘கால்பந்து’ என்ற நம் சொல்லுக்கு அந்த ஆட்டம் கச்சிதமாகப் பொருந்தும். இன்று நீ பார்க்கும் ஆட்டத்தில் காலுக்கு இருக்கும் வேலை கொஞ்சம்தான், அதனால் இந்தக் கடிதம் முழுக்க நான் ஃபுட்பால் என்றே எழுதப்போகிறேன். ரட்கர்ஸ் ஆட்டம் பரம்பரையில் பாட்டன் மாதிரி: குடும்பப் படத்தில் மாட்டலாம், கணக்கில் சேர்க்க முடியாது.

பந்தைக் கையில் எடுக்கும் ஆட்டம் ஹார்வர்ட் வழியாக வந்தது. 1874 மே மாதம் கனடாவின் மெக்கில் அணி ஹார்வர்டுக்கு வந்து இரண்டு ஆட்டம் ஆடியது, ஒன்று ஹார்வர்டின் விதிப்படி, மற்றது மெக்கில் ஆடிய ரக்பி விதிப்படி. ஹார்வர்டுக்கு ரக்பி பிடித்துவிட்டது. அடுத்த வருஷம் யேலோடு ஆடியபோது அதன் சாயல் வந்தது. 1876-இல் மாசசூசெட்ஸின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் கல்லூரிகள் கூடி ரக்பியை ஒட்டிய விதிகளை ஏற்றன. அப்போதும் புள்ளி கிடையாது. டச்டவுன், அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது, யாருக்கு அதிகமோ அவர் வெற்றி. ஒரு கோல், அதாவது பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைப்பது, நாலு டச்டவுனுக்குச் சமம். 1883-க்கு முந்தைய ஸ்கோர் உன் கையில் வந்தால் அது எந்த அலகில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் புள்ளிப் பத்தியில் ஏற்றிவிடாதே.

இனி வால்டர் கேம்ப். யேல் ஆள். 1880-இல் இரண்டு மாற்றங்களைக் கொண்டுவந்தார். ஒன்று, பக்கத்துக்கு 11 பேர். மற்றது ஸ்கிரிமேஜ். அதைத்தான் நீ நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரக்பி ஸ்க்ரமில் பந்து நடுவில் விழும், இரு பக்கமும் முட்டித் தள்ளும், யார் பக்கம் வெளியே வரும் என்று யாருக்கும் தெரியாது. கேம்ப் பந்துக்கு ஒரு சொந்தக்காரரை வைத்தார். பந்து இந்த அணியுடையது, இவர்களின் நடு ஆள் பின்னால் கொடுப்பார், ஆரம்பத்தில் காலால். ஆட்டம் எப்போது தொடங்கும், பந்து யாரிடம் போகும் என்பது ஒரு பக்கத்துக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்தால் திட்டம் போடலாம், ரகசியக் குறி சொல்லலாம். அந்தப் பந்தை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் என்ற ஆள் பிறந்தது இந்த இடத்தில்தான்.

கேம்ப் ஒன்றை மறந்துவிட்டார். பந்து நமதென்றால் அதை எப்போது விட்டுக்கொடுக்க வேண்டும் என்று விதி இல்லை. 1881-இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதியபோது ஆளுக்கு ஒரு பாதி முழுக்கப் பந்தை அமுக்கி வைத்துக்கொண்டார்கள். முடிவு 0–0. பார்க்க வந்தவர்களுக்கு எரிச்சல். 1882-இல் அதற்கு மருந்து வந்தது: மூன்று முயற்சிக்குள் 5 கெஜம் முன்னேறு, அல்லது 10 கெஜம் பின்னால் போ. இரண்டும் இல்லையென்றால் பந்து எதிரிக்கு. இந்த முயற்சிதான் டவுன். 5 கெஜத்தை அளக்க மைதானத்தின் குறுக்கே 5 கெஜத்துக்கு ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டார்கள், மேலிருந்து பார்த்தால் இறைச்சி வாட்டும் கம்பி அடுப்பு மாதிரி இருந்தது. கிரிட் அயர்ன் என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

ஆகவே 1882-தான் தொடக்கம் என்று உன் அலுவலகத்தில் யாராவது சொன்னால் சண்டைக்குப் போகாதே. எலும்புக்கூடு அங்கேதான் இருக்கிறது. இன்றைய ஆட்டம் மட்டும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

1888-இல் முழங்கால் வரை பிடித்துத் தள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அதே நேரத்தில், தடுக்கும் ஆள் கையை விரித்து நிற்கக் கூடாது என்றும் சொன்னார்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் சின்ன மாற்றம். சேர்ந்து செய்த வேலை பெரிது. தாழ்வாகப் பிடிப்பதால் திறந்தவெளியில் ஓடுவது கடினமாயிற்று. கையை விரிக்க முடியாததால் முன்வரிசை ஆட்கள் தோளோடு தோள் ஒட்டினார்கள். பிறகு பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாகச் சேர்ந்து ஒரே இடத்தில் இடிப்பதுதான் ஆட்டம் என்றாகிவிட்டது. அதன் உச்சம் 1892 ஹார்வர்ட்–யேல். லோரின் டிலேண்ட் என்பவர் ஃபுட்பால் ஆடியதே இல்லை. சதுரங்கப் பிரியர், போர் வரலாறு படிப்பவர். பறக்கும் ஆப்பு என்ற அமைப்பை அவர்தான் ஹார்வர்டுக்குச் சொல்லிக்கொடுத்தார். இரண்டாம் பாதியைத் தொடங்கும் உதையான கிக் ஆஃபில் இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து, முழு வேகம் எடுத்த பிறகு V வடிவில் கூடி, ஒரே ஆள்மீது மோதுவார்கள். அப்போது கிக் ஆஃப் என்பது பந்தைக் காலால் தொட்டுவிட்டுக் கையில் எடுப்பதுதான், அதனால்தான் இது சாத்தியமாயிற்று. (இத்தனைக்கும் அன்று ஜெயித்தது யேல், 6–0.) 1894-இல் கிக் ஆஃப் குறைந்தது 10 கெஜம் போக வேண்டும் என்று விதி செய்து ஆப்பை ஒழித்தார்கள். கூட்ட இடிப்பை ஒழிக்க முடியவில்லை.

5 கெஜம்தான் அடிப்படைக் கோளாறு என்று பின்னால் புரிந்தது. மூன்று முயற்சியில் 5 கெஜம் என்றால் ஒரு தடவைக்கு இரண்டு கெஜம்கூட வேண்டாம். பலமுள்ளவர்கள் மொத்தமாக இடித்தாலே கிடைத்துவிடும். ஓடவோ ஏமாற்றவோ யாருக்கும் தேவையில்லை. குவியலுக்கு அடியில் நடப்பது நடுவருக்கும் தெரியாது.

1905 சீசன் முடிந்தபோது பத்திரிகைக் கணக்கில் நாடு முழுக்க 18 அல்லது 19 பேர் இறந்திருந்தார்கள். பெரும்பாலோர் பள்ளிக்கூட, தெருவோர அணிப் பையன்கள், கல்லூரி ஆட்டக்காரர்கள் சிலரே. அக்டோபர் 9 அன்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். இங்கே ஒரு கட்டுக்கதை உலவும்: ஆட்டத்தைத் தடை செய்வேன் என்று அவர் மிரட்டினாராம். தடை செய்ய அமெரிக்க ஜனாதிபதிக்கு அதிகாரமே கிடையாது. அவருக்கு ஆட்டம் பிடிக்கும், காப்பாற்றத்தான் பார்த்தார். உங்கள் புத்தகத்தின் முன்னுரையில் அந்த வரி இருந்தால் எடுத்துவிடு. நவம்பரில் யூனியன் கல்லூரியின் ஹெரல்ட் மூர், நியூயார்க் பல்கலைக்கழகத்தோடு ஆடியபோது அடிபட்டு இறந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் வேந்தர் ஹென்றி மெக்ராக்கன் மற்றக் கல்லூரிகளுக்கு அழைப்பு அனுப்பினார். டிசம்பர் 28 அன்று 60-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் நியூயார்க்கில் கூடின. அங்கே உருவான அமைப்புதான், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பாக, 1910-இல் என்சிஏஏ என்று பெயர் மாற்றிக்கொண்டது. கொலம்பியா ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. மேற்குக் கரையில் ஸ்டான்ஃபர்டும் கலிஃபோர்னியாவும் ரக்பிக்குத் தாவின.

1906 விதிகளில் மூன்றைத் தனியாகக் குறித்துக்கொள். மூன்று டவுனில் 10 கெஜம் எடுக்க வேண்டும். இரு வரிசைக்கும் நடுவில் பந்தின் நீளத்துக்கு யாரும் நிற்கக் கூடாத இடைவெளி. மூன்றாவது ஃபார்வர்ட் பாஸ், அதாவது பந்தை முன்னால் எறிவது. ஆட்ட நேரமும் 70 நிமிஷத்திலிருந்து 60 ஆயிற்று. மைதானத்தை அகலப்படுத்திவிட்டால் கூட்டம் கலையும் என்று ஒரு யோசனை இருந்தது. 1903-இல் கான்கிரீட்டில் கட்டி முடித்த ஹார்வர்ட் ஸ்டேடியத்தில் அகலப்படுத்த இடமில்லை. அதனால்தான் பாஸ் உள்ளே வந்தது என்று வழக்கமாகச் சொல்வார்கள்.

பலர் 1906 என்று சொல்வது இந்தப் பாஸுக்காகத்தான். ஆனால் அதற்குப் போட்டிருந்த விலங்குகளைப் பார். எறிபவர், பந்து கிளம்பிய இடத்திலிருந்து இடப்பக்கமோ வலப்பக்கமோ 5 கெஜமாவது நகர்ந்த பிறகே எறியலாம். இதை நடுவர் பார்ப்பதற்காக மைதானத்தில் நீளவாக்கிலும் கோடு போட வேண்டியிருந்தது. கம்பி அடுப்பு போய்ச் சதுரங்கப் பலகை வந்தது. யார் கையும் படாமல் பந்து தரையில் விழுந்தால் பந்து எதிரிக்கு. இந்த விதியோடு எந்தப் பயிற்சியாளர் துணிந்து எறியச் சொல்வார்? 1906 செப்டம்பர் 5 அன்று செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் கேரல் கல்லூரியோடு ஆடியபோது பிராட்பரி ராபின்சன் எறிந்த முதல் பாஸ் வீணாகி, பந்து எதிரணிக்குப் போயிற்று. பிறகு அவரே ஜாக் ஷ்னைடருக்கு எறிந்தது 20 கெஜ டச்டவுன் ஆயிற்று. பயிற்சியாளர் எடி கோகெம்ஸ் இதை முன்கூட்டியே பயிற்றுவித்திருந்தார். கிழக்குக் கரையின் பெரிய கல்லூரிகள் நீண்ட நாள் இதைத் தொடவே தயங்கின.

மரணமும் நிற்கவில்லை. 1909 அக்டோபர் 30 அன்று ஹார்வர்டோடு ஆடிய ஆர்மியின் (வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி அணியின்) யூஜின் பர்ன் அடிபட்டு இறந்தார். நவம்பரில் வர்ஜீனியாவின் ஆர்ச்சர் கிறிஸ்டியன். 10 கெஜம் என்று ஆக்கியும் பின்னாலிருந்து தள்ளுவதும், கைகோத்துக்கொண்டு இடிப்பதும் தொடர்ந்ததுதான் காரணம். 1910-இல் அதை வெட்டினார்கள்: பந்து வைத்திருப்பவரைத் தள்ளவோ இழுக்கவோ கூடாது, கைகோக்கக் கூடாது, எதிரியைத் தாவிப் பிடிக்கக் கூடாது, தாக்கும் அணியில் 7 பேர் பந்து கிளம்பும் கோட்டில் நிற்க வேண்டும். ஆட்டம் 15 நிமிஷக் கால்பகுதி நாலாகப் பிரிந்தது. பாஸுக்கு இருந்த பக்கவாட்டு விதி போய், கோட்டுக்கு 5 கெஜம் பின்னால் நின்று எறிய வேண்டும் என்று வந்தது, கூடவே 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற புது விலங்கும்.

இதில் இன்னொரு சிக்கல் முளைத்தது. தள்ளுவதற்கும் வழியில்லை, தூரம் எறிவதற்கும் வழியில்லை, மூன்றே டவுனில் 10 கெஜம் எங்கிருந்து வரும்? உதைத்து உதைத்தே ஆட்டம் ஓடியது. அதைச் சரிசெய்யத்தான் 1912. டவுன் நாலு. டச்டவுனுக்கு 6 புள்ளி. 20 கெஜ வரம்பு ரத்து. 110 கெஜ மைதானம் 100 ஆகி, இரு முனையிலும், கோல் கோட்டுக்கு அப்பால், 10 கெஜப் பட்டையான எண்ட் ஸோன். அந்த எண்ட் ஸோனில் பிடித்த பாஸ் டச்டவுன்.

என் உரைகல் எளிது. இன்று ஸ்கோர் எழுதும் ஒருத்தியை 1911 ஆட்டத்தில் உட்கார வை. மூன்றாவது டவுன் முடிந்ததும் பந்து கைமாறுவதைப் பார்த்து விழிப்பாள், டச்டவுனுக்கு 6 போட்டுத் தப்பு செய்வாள், மைதானத்தின் நீளமே அவளுக்கு ஒத்துவராது. அவளையே 1912 நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டுக்கு அனுப்பு. அமெரிக்கப் பழங்குடி மாணவர்களின் கார்லைல் இந்தியன் பள்ளி ஆர்மியை 27–6 என்று வென்ற ஆட்டம் அது. கார்லைலில் அந்தக் கோடையில்தான் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய ஜிம் தோர்ப், ஆர்மி பக்கம் பிற்பாடு ஜனாதிபதியான ஐசன்ஹோவர். பந்து பூசணி மாதிரி உப்பியிருக்கும், ஆட்கள் இரு பக்க ஆட்டமும் ஆடுவார்கள், ஆனால் அவள் தாள் முழுக்கச் சரியாக நிரம்பும். இந்த வித்தியாசம் ஒரே வருஷ இடைவெளியில் விழுகிறது, அதனால்தான் கோட்டை அங்கே போடச் சொல்கிறேன்.

1913 என்று சொல்பவர்களும் உண்டு. நவம்பர் 1, நோட்ர டாம் ஆர்மியை 35–13 என்று வென்றது. கஸ் டோராய் 17 பாஸ் எறிந்து 14 சேர்ந்தது, 243 கெஜம், பிடித்தவர்களில் ஒருவர் பிற்பாடு பெயர்பெற்ற பயிற்சியாளரான க்னூட் ராக்னி. அது புது விதியால் என்ன செய்யலாம் என்று கிழக்குக் கரைக்குக் காட்டிய ஆட்டம், பாஸைக் கண்டுபிடித்த ஆட்டம் அல்ல. பாஸுக்கு அப்போது ஏழு வயது.

இனி உன் மேஜைக்கு வருகிறேன். பழைய ஸ்கோரை இன்றைய கணக்குக்கு மாற்றி எழுதும் ஆசை உங்கள் அலுவலகத்தில் யாருக்காவது வரும். விடாதே. எழுதியிருப்பதை அப்படியே வைத்து, எந்த விதிக்காலம் என்று பக்கத்தில் ஒரு குறி போடு. புள்ளி மதிப்புகள் இப்படி மாறின: 1883-இல் டச்டவுனுக்கு 2, அதன் பின் உதைக்கும் கோலுக்கு 4, டச்டவுன் இல்லாமலே ஆட்டத்தின் நடுவில் கம்பங்களுக்குள் உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 5. அடுத்த சீசனிலேயே டச்டவுன் 4, கோல் 2 என்று தலைகீழானது. 1898 முதல் டச்டவுன் 5, கோல் 1. ஃபீல்ட் கோல் 1904-இல் 4 ஆகி, 1909-இல் 3 ஆயிற்று. 1912-இல் டச்டவுன் 6. டச்டவுனுக்குப் பின் இரண்டு புள்ளி எடுக்கும் வாய்ப்பு 1958-இல்தான்.

இதில் மிகப் பெரிய பள்ளம் 1898 முதல் 1903 வரை. அந்த ஆறு சீசனில் டச்டவுனும் 5, ஃபீல்ட் கோலும் 5. ஸ்கோர் 5–0 என்று மட்டும் இருந்தால் எது என்று சொல்லவே முடியாது. அன்றைய செய்தித்தாளில் ஆட்ட விவரம் கிடைத்தால் மட்டும் டச்டவுன் பத்தியை நிரப்பு, இல்லையென்றால் காலியாக விடு. 1892-இன் 6–0 என்பது ஒரு டச்டவுனும் கோலும். 1912-க்குப் பிந்தைய 6–0 கோல் தவறிய டச்டவுனாகவோ இரண்டு ஃபீல்ட் கோலாகவோ இருக்கலாம். எண்ணைப் பார்த்துச் சம்பவத்தை ஊகிப்பதுதான் பழைய புத்தகங்களில் நான் பார்க்கும் முதல் தவறு.

மதிப்பு மாற்றம் எவ்வளவு பெரிது என்று காட்ட ஓர் உதாரணம் வேண்டுமென்றால் 1916 அக்டோபர் 7-ஐ எடு. அட்லாண்டாவில் ஜார்ஜியா டெக் கம்பர்லண்டை 222–0 என்று அடித்தது. 32 டச்டவுன், 30 கோல்: 192-உம் 30-உம் சேர்ந்து 222. இதே ஆட்டம் 1911 கணக்கில் 160-உம் 30-உம், 190. 1884 கணக்கில் 128-உம் 60-உம், 188. 1883 கணக்கில் 64-உம் 120-உம், 184. ஒரே ஓட்டம், ஒரே வியர்வை, 38 புள்ளி வித்தியாசம். (அந்த ஆட்டத்தில் இரு அணியுமே ஒரு ஃபர்ஸ்ட் டவுன்கூட (10 கெஜம் கடந்து புதிதாக நாலு டவுன் பெறுவது) எடுக்கவில்லை. கம்பர்லண்டுக்கு முடியவில்லை, டெக்குக்குத் தேவைப்படவில்லை.) அதே போல 1902 ஜனவரி முதல் தேதி நடந்த முதல் ரோஸ் பவுலில் (பவுல் என்பது வழக்கமான சீசன் முடிந்தபின் ஆடும் சிறப்பு ஆட்டம்) மிஷிகனின் நீல் ஸ்னோ 5 டச்டவுன் எடுத்தார். அன்று அது 25 புள்ளி. 110 கெஜ மைதானம், 5 கெஜத்துக்கு மூன்று டவுன் என்ற ஆட்டம் அது. அவரை நேற்றைய ஆட்டக்காரரோடு ஒரே பட்டியலில் நிறுத்தாதே, தனிப் பக்கம் கொடு.

ஃபீல்ட் கோல் தூரப் பட்டியலுக்கு 1912 போதாது. அப்போதும் கம்பம் கோல் கோட்டிலேயே நின்றது. 1927-இல்தான் கல்லூரிகள் அதை எண்ட் ஸோனின் கடைசிக் கோட்டுக்குத் தள்ளின. அதாவது மைதானத்தில் அதே இடத்திலிருந்து உதைத்தாலும் 1927-க்குப் பிறகு தூரம் 10 கெஜம் கூடும். கம்பங்களின் இடைவெளியும் 18 அடி 6 அங்குலத்திலிருந்து 1959-இல் 23 அடி 4 அங்குலமாக விரிந்து, 1991-இல் மறுபடி பழைய அளவுக்குச் சுருங்கியது. பந்தைத் தூக்கி வைத்து உதைக்க உதவும் ‘டீ’ என்ற சின்னத் தாங்கியை 1989-இல் தடை செய்தார்கள். 1960-களிலிருந்து 80-கள் வரை உதைத்தவர்கள் அகலமான வாசலில் உதைத்தார்கள் என்பதை ஒரு வரியில் சொன்னால் போதும், யாரையும் குறைத்ததாக ஆகாது.

தனிநபர் கெஜக் கணக்குக்கு 1937. தேசிய அளவில் புள்ளிவிவரம் ஒழுங்காகத் தொகுக்கத் தொடங்கியது அந்த சீசனில்தான். அதற்கு முந்தைய எண்கள் ஊருக்கு ஊர், நிருபருக்கு நிருபர் மாறும். பாஸ் எறியும் கணக்குக்கு இன்னும் இரண்டு வருஷங்களைக் குறித்துக்கொள்: 1934-இல் பந்து மெலிந்தது, கையில் பிடித்து எறிய வசதியாயிற்று. 1945-இல் கோட்டுக்கு 5 கெஜம் பின்னால் என்ற நிபந்தனை போய், கோட்டுக்குப் பின்னால் எங்கிருந்தும் எறியலாம் என்றானது. தற்காப்புக் கணக்கு இன்னும் இளசு. டாக்கில் (பந்து வைத்திருப்பவரை வீழ்த்துவது), சாக் (பாஸ் எறியுமுன் குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது) போன்றவற்றை என்சிஏஏ அதிகாரபூர்வமாகத் தொகுக்கத் தொடங்கியது 2000-இல். அதற்கு முந்தைய சாக் எண் உங்கள் பயிற்சியாளர்கள் படம் பார்த்து எண்ணியதாகத்தான் இருக்கும். அப்படியே எழுது: ‘அணியின் சொந்தக் கணக்கு’.

பவுல் ஆட்டம் இன்னொரு கண்ணி. 2002 சீசன் முதல்தான் பவுலில் எடுத்த எண்கள் சீசன் கணக்கில் சேரும். 1988-இல் ஓக்லஹோமா ஸ்டேட்டின் பேரி சாண்டர்ஸ் 11 ஆட்டத்தில் 2,628 கெஜம் ஓடினார். ஹாலிடே பவுலில் ஓடிய 222-ஐச் சேர்த்தால் 2,850. அதிகாரபூர்வ எண் இன்றும் 2,628-தான். உங்கள் புத்தகத்தில் யாரோ பழைய ஆட்டக்காரருக்குப் பவுலைச் சேர்த்து, வேறொருவருக்குச் சேர்க்காமல் விட்டிருப்பார்கள். 2002-க்கு முந்தைய ஒவ்வொரு சீசன் சாதனைக்கும் ஆட்ட எண்ணிக்கையைப் போட்டுப் பார், உடனே தெரிந்துவிடும். கூடவே சீசனின் நீளம்: 11 ஆட்டத்துக்கு 1970-இல் அனுமதி வந்தது, 12 நிலைபெற்றது 2006-இல். முதலாண்டு மாணவர் பெரிய அணியில் ஆட 1972 முதல் அனுமதி. ஒஹாயோ ஸ்டேட்டின் ஆர்ச்சி கிரிஃபின் அந்த வருஷமே முதலாண்டில் வந்தவர், அதனால் அவருக்கு நாலு சீசன் கிடைத்தது. அவருக்கு முந்தையவர்களுக்குப் பெரும்பாலும் மூன்றுதான். வாழ்நாள் மொத்தத்தை ஒப்பிடும் பட்டியலில் இந்தக் கோடு இல்லாவிட்டால் அநியாயம்.

ஆட்டத்தின் தோற்றத்தையே மாற்றியது ஆள் மாற்றும் விதி. 1941-இல் தளர்த்தினார்கள். 1945-இல் மிஷிகனின் ஃப்ரிட்ஸ் கிரைஸ்லர், பலம்பொருந்திய ஆர்மியைச் சமாளிக்கத் தாக்குதலுக்கு ஓர் அணி, தற்காப்புக்கு ஓர் அணி என்று பிரித்து இறக்கினார். தோற்றார், 28–7. யோசனை நிலைத்தது. செலவு ஏறுகிறதென்று 1953-இல் கதவை மூடினார்கள், 1960-களின் நடுவில் மறுபடி திறந்தார்கள். 1965 முதல் ஆள் மாற்றத்துக்குத் தடையில்லை. 1953-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட ஆட்டக்காரர் எண்கள் தாழ்ந்திருந்தால் ஆள் மட்டம் என்று நினைக்காதே, அவர் இரு பக்கமும் ஆடிக் களைத்தவர். ‘நவீன’ என்ற சொல்லுக்கு 1965-ஐச் சொல்பவர் யாராவது இருந்தால் அவரிடம் நான் பாதி தூரம் போவேன். ஆட்டக்காரரை ஒப்பிடுவதானால் அவர் சொல்வதுதான் சரி.

சாம்பியன் பட்டியலுக்கு 1936, அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் (ஏபி) அணிகளை வரிசைப்படுத்தும் வாக்கெடுப்பைத் தொடங்கிய ஆண்டு. முதல் பட்டம் மின்னசோட்டாவுக்கு. அதற்கு முந்தைய தேசியப் பட்டங்கள் பெரும்பாலும் பின்னாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுத்தவை, ஒரே வருஷத்துக்கு இரண்டு மூன்று கல்லூரி உரிமை கொண்டாடும். 1936-க்குப் பிறகும் கவனம் வேண்டும்: நீண்ட காலம் கடைசி வாக்கெடுப்பு பவுலுக்கு முன்பே முடிந்துவிடும். 1964-இல் அலபாமா முதலிடம் வாங்கிக்கொண்டு ஆரஞ்ச் பவுலில் டெக்சஸிடம் 21–17 என்று தோற்றது. பட்டம் போகவில்லை. 1965-இல் ஒரு தடவையும், 1968 முதல் நிரந்தரமாகவும் ஏபி பவுலுக்குப் பிறகு வாக்கெடுத்தது. பயிற்சியாளர் வாக்கெடுப்பு 1974 வரை இழுத்தடித்தது. 1998-இல் முதல் இரண்டு இடத்து அணிகளை மோதவிட்ட பிசிஎஸ் முறை, 2014-இல் நாலு அணி ப்ளே ஆஃப் (பட்டத்துக்கான தோற்றால் வெளியேறும் சுற்று), 2024-இல் 12 அணி.

பணம், தொலைக்காட்சி பற்றிய பக்கம் எழுதச் சொன்னால் 1984 ஜூன் 27. ஒளிபரப்பு உரிமையை என்சிஏஏ மட்டும் கையில் வைத்திருந்ததை உச்ச நீதிமன்றம் 7–2 என்று உடைத்தது. ஆட்டக்காரர் தன் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம் என்றானது 2021 ஜூலை 1. இவை ஆட்டத்தை நடத்தும் விதம் பற்றியவை, ஆட்டம் பற்றியவை அல்ல. உன் தலைப்போடு குழப்பாதே.

வெற்றி–தோல்விப் பத்தியில் மூன்றாவது எண், அதாவது சமன், 1995 சீசனோடு நின்றுவிட வேண்டும். 1996 முதல் கூடுதல் நேரம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு சமன் தெரிந்தால் தட்டச்சுப் பிழை. உங்கள் எதிரணிப் பட்டியலில் ஸ்டான்ஃபர்டோ கலிஃபோர்னியாவோ இருந்தால் 1906 முதல் தொடங்கும் அவர்களுடைய ரக்பி வருஷங்களைத் தனியாகப் பிரி. அவர்கள் இருவரும் ஆடும் பிக் கேமே 1914 வரை ரக்பிதான்.

ஆகவே நீ செய்ய வேண்டியது: புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘நவீன விதிகள், 1912 முதல்’ என்று போடு. ‘காலம்’ என்ற சொல்லை எடுத்து ‘விதிகள்’ என்று வைத்தால் பாதிச் சண்டை அங்கேயே தீரும். ஒவ்வொரு அட்டவணையின் தலையிலும் அதற்குரிய வருஷத்தைத் தனியாக எழுது, அடிக்குறிப்பில் ஒளித்து வைக்காதே, யாரும் படிக்க மாட்டார்கள். 1898–1903 பக்கங்களை முதலில் எடு. நேரம் பிடிக்கும் வேலை அதுதான், மற்றவை ஒரு வாரத்தில் முடியும்.

அந்த ஆறு சீசனின் ஸ்கோர் பட்டியலை ஸ்கேன் செய்து அனுப்பு. 5–0, 10–0, 11–0 எல்லாவற்றையும் நான் பென்சிலால் வட்டமிட்டு அனுப்புகிறேன். 11 வந்தால் குறைந்தது ஒரு டச்டவுன் ஏறக்குறைய நிச்சயம், ஏனென்றால் அந்த ஒற்றைப் புள்ளி டச்டவுன் இல்லாமல் வராது. 10-தான் தலைவலி.

அப்பா பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறார், அடுத்த பார்சலில் வரும்.

அன்புடன்,
அம்மா